திரையில் வரும் விருந்தினர்



தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது சர்வதேச விண்வெளி நிலையம். அங்கே இருப்பவர்களோடு பள்ளிப் பிள்ளைகள் ஹாம் ரேடியோவில் பேசுவது 2000-ஆம் ஆண்டிலிருந்தே நடக்கிறது. 2025 ஜூலையில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கிருந்தபோது பெங்களூரில் கூடிய மாணவர்கள் இப்படித்தான் அவரிடம் கேள்வி கேட்டார்கள். நிலையம் தலைக்கு மேலே கடந்து போக ஏறக்குறைய பத்தே நிமிடம். அதனால் கேள்விகளை முன்னதாகவே எழுதி, பொறுக்கியெடுத்து, பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒருவர் கேட்டு 'ஓவர்' சொன்னதும், பதில் வந்த கையோடு அடுத்தவர் மைக்கைப் பிடித்துவிட வேண்டும். பொன்னாடை போர்த்த நேரம் கிடையாது.

வகுப்புக்கு ஒரு விருந்தினரை வீடியோ காலில் அழைத்தால் நமக்கு நேரம் தாராளம். வம்பே அதனால்தான் வருகிறது. அறிமுகம் பத்து நிமிடம், உரை அரை மணி நேரம், கடைசியில் "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று ஒரு கேள்வி. ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. உடனே நன்றியுரை. இதற்கு யூடியூபில் ஒரு படம் போட்டுக் காட்டியிருக்கலாமே!

அமெரிக்காவில் கணவாய் மீன்களை ஆராயும் சாரா மெக்அனல்டி 2017-இல் 'ஸ்கைப் எ சயின்டிஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதில் விஞ்ஞானிகள் வகுப்புக்குத் திரைவழி வருவது பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்லத்தான். பாடம் நடத்த அல்ல.

வருபவர் பட்டம் பெற்ற விஞ்ஞானியாகத்தான் இருக்க வேண்டுமா? என் கணக்கில் இல்லை. நேரில் வருகிற விருந்தினர் தன் பட்டறையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. வீடியோ காலிலோ அவர் வேலை செய்யும் இடத்திலேயே நிற்கிறார். லேத் ஓட்டுபவர் இரும்பு சுருள்சுருளாக உதிர்வதைக் காட்டலாம். மீன்பிடித் துறைமுகத்தில் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கும் மெக்கானிக், டீசல் கரி படிந்த பிஸ்டனைக் கேமராவுக்கு நேரே பிடிக்கலாம். "இது ஏன் இப்படிக் கறுத்துப் போச்சு?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் போதும், இயற்பியலும் வேதியியலும் தானாக வந்து சேரும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. படம் மங்கினாலும் சமாளித்துவிடலாம். குரல் கேட்காவிட்டால் வகுப்பு கலைந்துவிடும். லேப்டாப் மைக்குக்குக் கடைசி பெஞ்சில் பேசுவது எட்டாது, ஃபேன் சத்தம் மட்டும் நன்றாக எட்டும். கேட்கும் பிள்ளை எழுந்து முன்னால் வரட்டும். முதல் நாளே ஒருமுறை கூப்பிட்டுச் சோதித்துவிடுங்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் நர்ஸ் இருப்பீர்கள், தறி நெய்பவர் இருப்பீர்கள், மின்வாரிய லைன்மேன் இருப்பீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, "அரை மணி நேரம் தருகிறேன் சார், பிள்ளைகளின் கேள்விகளை மட்டும் முந்தின வாரமே அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லுங்கள்.