காலைநேர வம்பு வியாபாரம்



2007ஆம் ஆண்டு ஜனவரி 12, காலை நேரம். கலிஃபோர்னியா மாநிலத்தின் தலைநகர் சாக்ரமென்டோவில் ஒரு பண்பலை நிலையம் போட்டி ஒன்றை நேரலையில் நடத்திக்கொண்டிருக்கிறது. கழிப்பறைக்கே போகாமல் யார் அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறாரோ அவருக்கு நின்டெண்டோ வீ என்ற வீடியோ விளையாட்டுக் கருவி பரிசு. அந்தக் குளிர்காலத்தில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் அந்தக் கருவி கிடைக்காது. அவ்வளவு தட்டுப்பாடு.

போட்டி நடக்கும்போதே ஒரு பெண்மணி நிலையத்தைத் தொலைபேசியில் அழைக்கிறார். தான் ஒரு செவிலியர் என்கிறார். இப்படித் தண்ணீர் குடித்தால் உயிரே போய்விடும் என்று எச்சரிக்கிறார். அது எங்களுக்கும் தெரியும் என்கிறார் தொகுப்பாளர். கலந்துகொள்பவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களே என்கிறார் இன்னொருவர். ஸ்டூடியோவில் சிரிப்பு. போட்டியாளர்களில் ஒருவர் மூன்று குழந்தைகளின் தாய். குழந்தைகளுக்காக அந்தக் கருவியை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று வந்தவர். முதல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போனார். அன்றே இறந்துபோனார். அளவுக்கு மீறிய தண்ணீர் இரத்தத்தில் இருக்கும் சோடியத்தைக் குறைத்து, மூளையை வீங்க வைத்துவிட்டது.

நிலையம் பத்துப் பேரை வேலையை விட்டு அனுப்பியது. 2009இல் ஜூரிகள் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கோடியே 65 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். 2017இல் உரிமையாளர் நிறுவனம் நிலையத்தின் உரிமத்தையே அரசிடம் திருப்பிக் கொடுத்தது.

அமெரிக்காவில் 'ஷாக் ஜாக்' என்று ஒரு வகைத் தொகுப்பாளர்கள் உண்டு. கேட்பவரைத் திடுக்கிட வைப்பதே அவர்கள் தொழில். ஆபாசம், கேலி, இனத்தைக் குத்துவது, யாரையாவது தொலைபேசியில் ஏமாற்றுவது எல்லாம் அந்தத் தொழிலின் சரக்கு. ஒரு காலத்தில் அமெரிக்கக் காலைப்பொழுதே இவர்கள் கையில் இருந்தது. அது எப்போது சரியத் தொடங்கியது என்று கேட்டால், நான் 2007 என்பேன். வேறு ஆண்டு சொல்பவர்களும் இருக்கலாம். என் காரணங்களைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அதற்கு முதலில் அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை அமெரிக்கர்கள் காரில் தனியாக உட்கார்ந்து நெரிசலில் ஊர்ந்துகொண்டிருப்பார்கள். அந்த நான்கு மணி நேரம்தான் வானொலிக்கு அறுவடை. பாட்டு எந்த நிலையத்திலும் கிடைக்கும். அடுத்து இந்த ஆள் என்ன உளறப்போகிறான் என்ற பதற்றம் ஒரே நிலையத்தில்தான் கிடைக்கும். அதனால் அந்த ஆளுக்குச் சம்பளம் ஏறியது.

இந்தக் கலையின் ராஜா ஹோவர்ட் ஸ்டெர்ன். நியூயார்க்கில் 1985இல் ஒரு நிலையம் அவரை நீக்கியது. உடனே வேறொரு நிலையம் சேர்த்துக்கொண்டது. அங்கே இருபது ஆண்டு. நியூயார்க்கில் பேசுவது பிலடெல்பியாவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் அதே காலையில் கேட்டது. அவருக்கு எதிரே நின்றது அரசின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை, குழந்தைகள் காதில் விழக்கூடிய நேரத்தில், வானொலியில் ஆபாசம் கூடாது என்பது அதன் விதி. அந்த அதிகாரத்தை உறுதி செய்தது 1978இல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஜார்ஜ் கார்லின் என்ற நகைச்சுவைக் கலைஞர் கெட்ட வார்த்தைகளைப் பற்றியே பேசிய ஒரு பதிவை நியூயார்க் நிலையம் ஒன்று பட்டப்பகலில் ஒலிபரப்பியது. 15 வயது மகனோடு காரில் போன ஒருவர் அதைக் கேட்டுவிட்டுப் புகார் எழுதினார். அந்த ஒரு கடிதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஆணையம் வென்றது.

ஸ்டெர்னுக்கு அபராதம் மேல் அபராதம் விழுந்தது. 1995இல் அவருடைய நிறுவனம் மொத்தமாக 17 லட்சம் டாலர் கட்டிக் கணக்கை முடித்தது. அவர் கொண்டுவந்த விளம்பர வருமானத்துக்கு முன்னால் அது தாங்கக்கூடிய செலவுதான். அதோடு, அபராதக் கடிதம் வந்த மறுநாள் காலை அதையே நிகழ்ச்சியாக்கிவிடுவார். அரசு தன் வாயை அடைக்கப் பார்க்கிறது என்று புலம்புவார். கேட்பவர்கள் இன்னும் கூடுவார்கள்.

இந்த விதியில் ஒன்றைக் கவனியுங்கள். பாலுறவு, மலஜலம் பற்றிய பேச்சைத்தான் அது தடுத்தது. ஒரு கறுப்பினப் பெண்ணின் முடியைக் கேலி செய்தால் எந்த விதியும் மீறப்படவில்லை. செவிலியரின் எச்சரிக்கையைச் சிரித்துத் தள்ளியதும் அந்த விதியின்படி ஆபாசம் அல்ல. சட்டம் காவல் நின்ற வாசல் ஒன்று. ஆபத்து வந்தது வேறு வாசல் வழியாக.

2004இல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளையில் பாடகி ஜேனட் ஜாக்சனின் மேலாடை விலகியது. நாடே கொந்தளித்தது. எப்போதுமே எனக்கு இது விசித்திரமாகத்தான் படுகிறது. ஒரு கண்சிமிட்டலுக்குள் முடிந்துபோன காட்சி அது. அது தொலைக்காட்சியில் நடந்தது. அடியோ வானொலிக்காரர்கள் மேலும் விழுந்தது. கிளியர் சேனல் நிறுவனம் தன் ஆறு நிலையங்களிலிருந்து ஸ்டெர்னை எடுத்துவிட்டது. அந்த அக்டோபரில் அவர் சிரியஸ் என்ற செயற்கைக்கோள் வானொலிக்குப் போவதாக அறிவித்தார். ஐந்தாண்டுக்கு 50 கோடி டாலர். சந்தா கட்டிக் கேட்கும் வானொலிக்கு ஆபாச விதி கிடையாது. 2006 ஜனவரியில் அங்கே பேசத் தொடங்கினார்.

இப்போது 2007க்கு வருவோம். ஏப்ரல் 4. டான் ஐமஸ், 1971இலேயே நியூயார்க் காலைகளில் பேசத் தொடங்கியவர். செனட்டர்களும் பத்திரிகையாளர்களும் அவர் நிகழ்ச்சிக்கு வரிசை கட்டி வருவார்கள். முந்தின இரவு ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி தேசிய இறுதிப்போட்டியில் தோற்றிருந்தது. அந்த அணியில் பெரும்பாலானோர் கறுப்பினப் பெண்கள். அவர்களைப் பற்றி ஐமஸ் ஓர் இழிசொல் சொன்னார். அந்தச் சொல்லை இங்கே நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. அவர் அதற்கு முன்பும் அப்படிப் பேசியவர்தான். பேசிய பேச்சு காற்றோடு போய்விடும். மறுநாள் வேறு ஒருவர் மாட்டுவார்.

இந்த முறை காற்றோடு போகவில்லை. ஊடகங்களைக் கண்காணிக்கும் ஓர் அமைப்பு அந்தச் சில நொடிகளை வெட்டி இணையத்தில் போட்டது. காலையில் காரில் இல்லாதவர்களும் பார்த்தார்கள். ஏப்ரல் 10 அன்று அந்த அணி முழுவதும், பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கரோடு, கேமராக்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. கல்லூரியில் படிக்கும் பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முகம், ஒரு பெயர், நிதானமான பேச்சு. ஐமஸின் வேடிக்கைக்கு அதன்பின் உயிரில்லை. புராக்டர் அண்ட் கேம்பிள், ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ஸ்டேப்பிள்ஸ் என விளம்பரதாரர்கள் வரிசையாக விலகினார்கள். 11ஆம் தேதி, அவர் நிகழ்ச்சியைக் காட்டிவந்த தொலைக்காட்சி கைவிட்டது. 12ஆம் தேதி சி.பி.எஸ். வானொலி வேலையை விட்டு நீக்கியது. பேசிய நாளிலிருந்து எட்டு நாள். எஃப்.சி.சி. ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. அசைக்க அதற்கு விதியும் இல்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. டார்ஜிலிங்கைச் சேர்ந்த காவலர் பிரசாந்த் தமாங் இந்தியன் ஐடல் பாட்டுப் போட்டியில் வென்றார். நேபாளி மொழி பேசுபவர். நேபாளிகள் என்றால் இரவுக் காவலாளிகள்தானே என்ற பொருள்படும் கேலி ஒன்றை டெல்லிப் பண்பலைத் தொகுப்பாளர் ஒருவர் உதிர்த்தார். டெல்லி நிலையத்தின் அலை டார்ஜிலிங் மலையடிவாரத்து ஊரான சிலிகுரிக்கு எட்டாது. கேலி எட்டியது. கண்டன ஊர்வலம் கலவரமாகி, ஊரடங்கு போட்டு ராணுவத்தை அழைக்கும் அளவுக்குப் போனது. நம் தனியார் பண்பலைகள் ஆகாசவாணியின் நிகழ்ச்சி விதிகளைப் பின்பற்ற வேண்டியவை. சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கவும் அனுமதி இல்லை. அவ்வளவு கட்டுப்பாட்டுக்குள்ளும் அந்த ஒரு வரி நழுவி வந்துவிட்டது.

சாக்ரமென்டோ, நியூயார்க், டெல்லி. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தொழிலின் சூட்சுமம் தெரிகிறது. சிரிப்பு எப்போதும் அங்கே இல்லாத ஒருவரின் செலவில்தான் வந்தது. அல்லது இருந்தும் பேச்சு எடுபடாத ஒருவரின் செலவில். அவர் கேட்கமாட்டார், கேட்டாலும் பதில் சொல்ல மைக் கிடையாது என்ற நம்பிக்கையில்தான் இத்தனை துணிச்சலும் நின்றது.

அந்த ஆண்டில் சத்தமில்லாமல் இன்னொரு மாற்றமும் வந்தது. என் கணக்கில் அதுதான் பெரிய அடி. அதுவரை எந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை ஆர்பிட்ரான் நிறுவனம் டைரி கொடுத்துக் கணக்கெடுத்தது. கேட்டதை நினைவிலிருந்து எழுத வேண்டும். வாரக் கடைசியில் உட்கார்ந்து எழுதும்போது எந்தப் பெயர் ஞாபகம் வரும்? சத்தம் போட்ட ஆளின் பெயர்தான். 2007இல் பிலடெல்பியாவிலும் ஹூஸ்டனிலும் டைரிக்குப் பதில் இடுப்பில் மாட்டும் ஒரு மீட்டர் வந்தது. அடுத்து மற்ற பெருநகரங்களுக்கும் போனது. எந்த நிலையம் உண்மையில் காதில் விழுகிறது என்பதை அதுவே நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொள்ளும். பேச்சு நீளும் இடங்களில் ஆட்கள் நிலையம் மாற்றுவதை நிர்வாகிகள் கண்ணால் பார்த்தார்கள். அப்புறம் உத்தரவு சுருக்கமானது: பேச்சைக் குறை, பாட்டைப் போடு. இருபது நிமிடம் வளர்த்து வெடிக்க வைக்கும் வம்புக்கு அதில் இடமில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகும் சிலர் பாடம் கற்கவில்லை. 2012 டிசம்பரில் சிட்னி நிலையம் ஒன்றின் தொகுப்பாளர்கள் இருவர், பிரிட்டன் ராணி மாதிரியும் இளவரசர் சார்லஸ் மாதிரியும் குரலை மாற்றிக்கொண்டு லண்டன் மருத்துவமனைக்குப் பேசினார்கள். இளவரசி கேட் அங்கே சிகிச்சையில் இருந்தார். விடியற்காலையில் அழைப்பை எடுத்த செவிலியர் ஒருவர் அதை நம்பி வார்டுக்கு இணைப்புக் கொடுத்தார். பதிவு உலகமெல்லாம் ஓடியது. மூன்றே நாளில் அந்தச் செவிலியர் இறந்து கிடந்தார். மருத்துவமனைப் பணியாளர்களின் அனுமதி இல்லாமல் அந்த உரையாடலை ஒலிபரப்பியது தவறு என்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் முடிவை எதிர்த்து நிலையம் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை வழக்காடியது. 2015இல் தோற்றது. இடையில், 2013இல், அந்தத் தொகுப்பாளர்களில் ஒருவருக்கு அதே நிறுவனம் சிறந்த தொகுப்பாளர் விருது கொடுத்தது. இந்தக் கடைசி வரியைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சரி, ராஜா என்ன ஆனார்? தடையே இல்லாத இடத்துக்குப் போன ஸ்டெர்ன், முதலில் கொஞ்ச காலம் ஆசை தீரக் கெட்ட வார்த்தை பேசினார். தடுக்க ஆளில்லாதபோது அதில் சுவை குறைந்துவிட்டது என்பது என் ஊகம். மெல்ல மெல்ல நேர்காணல் பக்கம் திரும்பினார். ஒரே விருந்தினரோடு ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்து, அப்பா அம்மா, பயம், தோல்வி என்று பேச வைப்பார். 2019இல் அந்த நேர்காணல்களைப் புத்தகமாகப் போட்டார். பழைய பேட்டிகளில் பெரும்பாலானவற்றை அதில் சேர்க்கவில்லை, திரும்பப் படிக்கவே கூசுகிறது என்ற பொருளில் அப்போது பேசினார். நடிகர் ராபின் வில்லியம்ஸை ஒருமுறை கொடூரமாகக் குடைந்ததற்கு மன்னிப்புக் கேட்க நினைத்ததாகவும், அதற்குள் அவர் இறந்துவிட்டார் என்றும் சொன்னார். 2024 தேர்தல் சமயத்தில் ஜோ பைடனும் கமலா ஹாரிஸும் அவருடைய ஸ்டூடியோவுக்கு வந்து பேசினார்கள். பழைய ரசிகர்களுக்கு இது துரோகம். எனக்கு என்னமோ அவர் இதில்தான் கெட்டிக்காரர்.

ஆனால் வானொலியில் சரிந்தது வேறெங்கும் முளைக்கவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஓபி அண்ட் ஆன்டனி என்ற இருவரின் வானொலி நிகழ்ச்சியில் அடிக்கடி விருந்தினராக வந்து போன ஒரு நகைச்சுவைக் கலைஞர் 2009 டிசம்பரில் சொந்தமாக பாட்காஸ்ட் தொடங்கினார். பெயர் ஜோ ரோகன். 2020இல் ஸ்பாட்டிஃபை நிறுவனம் பெரும் தொகைக்கு அவரை வளைத்துப்போட்டது. 2022 பிப்ரவரியில், பல ஆண்டுகளாக அவர் தன் நிகழ்ச்சியில் ஓர் இனவெறிச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களைத் தொகுத்த வீடியோ ஒன்று பரவியது. ஐமஸைக் கவிழ்த்த அதே வகைத் துண்டு. ரோகன் மன்னிப்புக் கேட்டார். ஏறக்குறைய எழுபது பழைய அத்தியாயங்கள் நீக்கப்பட்டன. ஸ்பாட்டிஃபை தலைவர் டேனியல் எக் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பேச்சைக் கண்டித்தார். ஆனால் ரோகனின் வாயை அடைப்பது தீர்வல்ல என்றார். எட்டு நாள் போயிற்று, எட்டு வாரமும் போயிற்று. ரோகன் இருந்த இடத்திலேயே இருந்தார். பாட்காஸ்ட்டுக்கு நிலைய உரிமம் என்று ஒன்று இல்லை. ஒரு நேரம் என்று இல்லாததால், அந்த நேரத்து விளம்பரத்தை நிறுத்தினேன் என்று சொல்லவும் வழி இல்லை. கேட்பவர்கள் தேடி வந்து கேட்பவர்கள். தற்செயலாக நிலையத்தைத் திருப்பி அதிர்ந்தவர்கள் அல்ல.

2024 பிப்ரவரியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இந்த முறை 25 கோடி டாலர் வரை என்று பத்திரிகைகள் எழுதின.