பதக்கம் இருக்கட்டும், பணி ஆணை எங்கே?

(ஆத்தூர் தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் ஏப்ரல் 21 குடிமைப் பணிகள் நாள். சிறந்த பொது நிர்வாகத்துக்கான பிரதமர் விருதை அன்றைக்குத்தான் கொடுப்பார்கள். 2006-இல் தொடங்கிய விருது. விருது பெறும் மாவட்டத்துக்காக மேடையேறுபவர் ஆட்சியர். அவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த மாவட்டத்தின் தெருக்களைக் கூட்டியவர் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

விருது அரசு ஊழியருக்கு. கூட்டுகிறவரோ ஒப்பந்தக்காரரின் ஆள். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

என் அம்மா ஒரு பேரூராட்சியில் 19 வருடம் குப்பை அள்ளினார். குடியரசு நாளன்று மற்றவர்கள் நற்சான்றிதழ் வாங்கிய மைதானத்தை விடியற்காலையில் பெருக்கிவைத்தவர் அவர். மூன்று ஒப்பந்தக்காரர்கள் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் அவர் புது ஆளாகவே சேர்க்கப்பட்டார். கடைசியில் ஒருநாள், நாளை முதல் வர வேண்டாம் என்றார்கள். அதற்குப் பணி ஓய்வு என்று பெயர் வைக்க முடியுமா?

இந்த வேலையில் யார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அரசு வேலையில் இட ஒதுக்கீடு என்றாலே முகம் சுளிப்பவர்கள், இந்த வேலை கிட்டத்தட்ட மொத்தமும் சேரிக்கே போவதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

2019 பிப்ரவரி 24, பிரயாக்ராஜ் கும்பமேளா. ஐந்து தூய்மைப் பணியாளர்களின் கால்களைப் பிரதமர் கழுவினார். கழுவிய காலோடு அவர்கள் திரும்பிப் போனது அதே வேலைக்குத்தானே?

வடக்கை மட்டும் சொல்லித் தப்பிக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். தனியாருக்குத் தராதே, பணி நிரந்தரம் செய் என்றார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் இலவசக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. கேட்டது வேலை, கொடுத்தது சாப்பாடு.

24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் இதே தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. ஆளை மாற்றாமல் ஒப்பந்தத்தை மட்டும் மாற்றினால் அந்தக் கணக்கு எப்படி வளரும்?

வரும் திங்கட்கிழமை திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். மனு எழுதியாயிற்று. வேலை பார்த்த நாட்களைக் காட்டும் தாள் எது இருந்தாலும் நகல் எடுத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள். தாளே இல்லாதவர்களும் வாருங்கள். தம்பி தங்கைகள் உட்கார்ந்து கேட்டு எழுதித் தருவார்கள்.