விலை போட முடியாதவை



1995 ஆகஸ்ட் 31. தூத்துக்குடி மாவட்டத்துக் கொடியன்குளத்துக்குள் காவல்துறை நுழைந்தது. டிவி, மின்விசிறி, தையல் மிஷின் எல்லாம் நொறுங்கின. பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழ்களும் தீயில் போயின.

வளைகுடா வெயிலில் நம் பிள்ளைகள் உழைத்து அனுப்பிய காசில் வாங்கியவை பல. எந்தப் பண்ணையாரிடமும் கைகட்டாமல் வீட்டுக்குள் வந்தவை. அதுதான் கண்ணை உறுத்தியது.

நஷ்டஈட்டுக் கணக்கில் டிவிக்கு விலை போடலாம். வீட்டில் முதன்முதலாகப் படித்தவரின் சான்றிதழுக்கு? நகல் வாங்கலாமாம். அதற்கும் மனு எழுதி, அலுவலக வாசலில்தானே நிற்கவேண்டும்!

பொருளுக்காக அழுவது சிறுமை என்று நமக்குப் போதிப்பவர்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தாவின் பித்தளை அண்டா பத்திரமாக இருக்கிறது. நம் பாட்டிகள் விட்டுப்போனது மண்பானை, அதுவும் உடைந்துவிட்டது. அந்தத் தையல் மிஷினுக்காக நாம் இன்னும் அழுது முடிக்கவில்லை.