வாட்டம் பார்த்த வங்கிக்காரர்

மொட்டைமாடிக்குத் தளம் போடும் கொத்தனார் வாயில் ஒரு சொல் அடிக்கடி வரும்: வாட்டம். மழைத் தண்ணீர் தேங்காமல் குழாய் வாய்க்கு ஓடிவரும்படி, கண்ணுக்குத் தெரியாத அளவு தளத்தைச் சாய்த்துவிடுவது. கோல்ஃப் மைதானத்தில் புல் வளர்க்கும் வேலையில் இருக்கும் எனக்கும் சோறு போடும் சொல் அதுதான். அந்த வாட்டத்தில் கரைகண்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பெயர் பெர்ரி மாக்ஸ்வெல். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து ஆர்ட்மோர் ஊரில் வங்கியில் வேலை பார்த்தவர்.

கோல்ஃப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்திருக்கிறார். ஆசை பிடித்துக்கொண்டது. ஊருக்கு வடக்கே இருந்த தன் பண்ணை நிலத்திலேயே ஒன்பது குழிகள் வைத்து ஒரு மைதானம் போட்டார். டார்னிக் ஹில்ஸ் என்று பெயர். 1914 வாக்கில் அங்கே ஆட்டம் தொடங்கிவிட்டது. 1919-ல் மனைவி ரே காலமானார். மைதானத்தைப் பார்த்தபடி இருக்கும் மேட்டிலேயே அவரை அடக்கம் செய்தார் மாக்ஸ்வெல். அதற்குப் பிறகுதான் வங்கியை மெல்ல விட்டு, மைதானம் அமைப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டார். பெரும்பாலும் ஓக்லஹோமா, கான்சஸ், டெக்சஸ் என்று தன் பக்கத்து மண்ணில்தான் வேலை.

குழி இருக்கும் இடத்தில் புல்லை ஒட்ட வெட்டியிருப்பார்களே, அதற்கு கிரீன் என்று பெயர். மாக்ஸ்வெலின் கிரீன் மட்டமாக இருக்காது. காற்றில் விரித்த போர்வை மெல்ல அடங்கும்போது மேலும் கீழுமாக அலை எழும் அல்லவா, அப்படி இருக்கும். 'மாக்ஸ்வெல் ரோல்ஸ்' என்றே அந்த அலைகளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இந்த இடத்தில் என் வேலைக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மலை ஊர் மைதானத்தில் பழைய கிரீன் ஒன்றைப் புதுப்பித்தோம். ஆட்டக்காரர்கள் சிரமப்படுகிறார்கள் என்று, மேடு பள்ளத்தையெல்லாம் இயந்திரத்தை விட்டு வழித்து மட்டமாக்கினோம். பார்க்க மேஜை மாதிரி இருந்தது. ஐப்பசி அடைமழை வந்தது. பத்தே நாளில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்புத் திட்டுகள்! விரலால் தொட்டால் புல் வேரோடு கையில் வந்தது. எங்களோடு வேலை பார்த்த வயதான அம்மா ஒருவர் ஒன்றும் பேசவில்லை. குடத்துத் தண்ணீரைக் கிரீன் நடுவில் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் நகரவில்லை. "தம்பி, அது போறதுக்கு வழி எங்கே வச்சீங்க?" என்றார். நாங்கள் வழித்தெடுத்தது மேட்டை மட்டும் அல்ல, தண்ணீர் போகும் தடத்தையும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. மறு கோடையில் அந்த அலையைத் திரும்ப வைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

அதனால்தான் கான்சஸில் ஹட்சின்சன் ஊரில் அவர் போட்ட ப்ரெய்ரி டூன்ஸ் என் மனசுக்கு நெருக்கமானது. கடலே இல்லாத ஊரில் மணல்மேடுகள். மாக்ஸ்வெல் அந்த நிலத்தில் நாள்கணக்காக நடந்து திரிந்து, இயற்கையாகக் கிடந்த மேட்டிலும் பள்ளத்திலும் குழிகளைத் தேடி எடுத்தார். கோவேறு கழுதைகளையும் மண்வெட்டியையும் வைத்து, தொடக்கூடாத மண்ணைத் தொடாமல் செய்த வேலை. 1937-ல் ஒன்பது குழிகள் திறந்தன. மீதி ஒன்பதை அவர் மகன் பிரஸ் மாக்ஸ்வெல் 1957-ல் முடித்தார்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். அந்தக் காலத்தில் கிரீன் புல்லை இன்றைக்குப் போல் இவ்வளவு ஒட்ட வெட்ட முடியாது. பந்து மெதுவாக உருளும், அலையும் தாங்கும். இன்று மூன்று மில்லிமீட்டருக்கும் வெட்டுகிறோம். பந்து கண்ணாடிமேல் ஓடுவது போல் ஓடுகிறது. டல்சா நகரில் அவர் 1936-ல் முடித்த சதர்ன் ஹில்ஸில் 2001 அமெரிக்க ஓப்பன் போட்டி நடந்தபோது, சாய்வு அதிகம் என்று ஒன்பதாவது, பதினெட்டாவது கிரீன்களில் மட்டும் புல்லைக் கொஞ்சம் உயரமாக விட்டார்கள். அப்படியும் கடைசி கிரீனில் ஆட்டக்காரர் ரெட்டீஃப் கூசன் பன்னிரண்டு அடியிலிருந்து மூன்று முறை தட்ட வேண்டியதாயிற்று. அதனால் மறுநாள் கூடுதல் ஆட்டம் ஆடித்தான் கோப்பையை வாங்கினார். மாக்ஸ்வெல் போய் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது, அவர் வைத்த அலை இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது!

நேரம் நெருங்கிவிட்டது. கிறிஸ்டல் டவுன்ஸ் மைதானத்தில் வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்சியோடு சேர்ந்து செய்த வேலை, அகஸ்டா மைதானத்தில் பத்தாவது கிரீனை 1937-ல் மேட்டுக்கு மாற்றியது, 1946-ல் ஒரு காலை இழந்த பின்பும் விடாமல் வேலை பார்த்தது, இவற்றையெல்லாம் இன்னொரு நாள் விரிவாகப் பேசுவேன். 1952-ல் அவரும் அதே மேட்டில் ரேயின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். ஒரு மழை நாளில் அங்கே நின்று, கீழே அவருடைய கிரீன்களிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. வாய்த்தால் உங்களுக்கும் வந்து சொல்கிறேன்.