கடைவாசலில் கொண்டுபோய் விட்டால் போதுமா?



கூகலில் காசு கட்டி விளம்பரம் போடுகிறார் ஓர் இணையத் தரகர். பொருள் அவருடையதல்ல, விற்றால் கமிஷன். விளம்பரத்தைச் சொடுக்குபவரை நேரே வணிகரின் அகப்பக்கத்துக்கு அனுப்புவதா, முதலில் தம் சொந்தப் பக்கத்துக்கு அழைப்பதா? இதுதான் வழக்கு.

வழியில் இன்னொரு பக்கத்தை வைத்தால் பலர் கழன்றுகொள்வார்கள் என்கிறது எதிரணி. உண்மைதான். ஆனால், கணக்கை முழுதாகப் போட வேண்டாமா? ஒரு சொடுக்குக்கு 30 காசு என்றால், 100 பேருக்கு 30 வெள்ளி. ஒரு விற்பனைக்குக் கமிஷன் 15 வெள்ளி. நேரே போன 100 பேரில் இருவர் வாங்கினால்தான் போட்ட பணமே திரும்பும். மீதி 98 பேர் யார்? தரகருக்குத் தெரியாது. அவர்களில் ஒருவரை நாளை மறுபடி அழைக்க, மறுபடி 30 காசு! சொந்தப் பக்கத்தில் நான்கு பொருள்களை நேர்மையாக ஒப்பிட்டு எழுதியிருந்தால், சிலராவது மின்னஞ்சல் முகவரியைத் தந்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அடுத்த மாதம் எழுத விளம்பரக் கட்டணம் கிடையாது.

எதிரணி சொல்ல மறந்த செய்தி இரண்டு. 2005 ஜனவரியில் கூகல் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு தேடலுக்கு, ஒரே முகவரியைக் காட்டும் விளம்பரங்களில் ஒன்றுக்குத்தான் இடம் என்றது அந்த விதி. நூறு தரகர்கள் ஒரே கடைக்கு ஆள் அனுப்ப முண்டியடித்தால் 99 பேர் காணாமல் போவார்கள். அந்தக் கடைக்காரரே விளம்பரம் போட்டால்? அவரோடும் மோத வேண்டும், அவருக்கு ஆள் பிடிப்பதற்காக!

அடுத்தது அமேசான். 2009 மே முதல் தேதியிலிருந்து, கட்டணத் தேடல் விளம்பரம் மூலம் நேரே அனுப்பப்படும் ஆட்களுக்குக் கமிஷன் இல்லை என்று வட அமெரிக்கத் தரகர்களிடம் கூறிவிட்டது. அதையே நம்பிப் பிழைத்தவர்களின் வருமானம் ஒரே அறிவிப்பில் நின்றது. தங்களுக்கென்று ஒரு பக்கமும் வாசகரும் வைத்திருந்தவர்கள் வேறு வணிகரின் இணைப்பை மாற்றிப் போட்டுப் பிழைத்துக்கொள்ள முடிந்தது.

சொந்தப் பக்கம் என்றால், கண்ணிமைக்கும் நேரத்தில் கடைக்குத் தள்ளிவிடும் வெற்று முகவரி அன்று. விளம்பரத்தில் காட்டும் முகவரியும் வாடிக்கையாளர் போய்ச் சேரும் முகவரியும் ஒரே தளத்தினுடையவையாக இருக்க வேண்டும் என்பது கூகலின் நிபந்தனை. வெறும் பாலமாக நிற்கும் பக்கத்தையும் அது ஏற்பதில்லை. அங்கே படிக்க ஏதாவது இருக்க வேண்டும். அதற்கு உழைப்பு தேவை. எதிரணிக்கு அதுதான் கசக்கிறது போலும்!

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கலாம். ஒரு பொருள் விலைபோகுமா என்று முதல் வாரம் நாடி பிடித்துப் பார்க்க, வணிகர் அனுமதித்தால், நேரடி இணைப்பு உதவும். எட்டாவது நாளும் அதையே செய்பவர் யாருடைய கடையை வளர்க்கிறார் என்பதை எதிரணி விளக்கட்டும்.