மரம் சாவது பட்டினியாலா, தாகத்தாலா?

(தில்லியில் நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பேட்ரிக் மெயிர் என்ற வன விஞ்ஞானியின் பணியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். மழை குறைந்தால் அமேஸான் காடு என்ன ஆகும் என்ற ஒரே கேள்விக்கு இருபது வருஷங்களுக்கு மேல் உழைத்தவர்.

2002-ல் அவரும் பிரேஸில் விஞ்ஞானி லோலா டா கோஸ்டா முதலானோரும் கஷியுவானா என்ற காட்டில் ஒரு ஹெக்டேர் நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மரங்களுக்குக் கீழே, தரைக்குச் சற்று மேலே, பிளாஸ்டிக் பலகைகளால் பந்தல் போட்டு, கீழே விழும் மழையில் சுமார் பாதியை வெளியே திருப்பி விட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்திலேயே பந்தல் இல்லாத ஒரு காட்டுப் பகுதி.

சில வருஷங்கள் மரங்கள் தாக்குப் பிடித்தன. பிறகு மடியத் தொடங்கின. குறிப்பாகப் பெரிய மரங்கள்!

காரணம் என்ன? வறட்சியில் மரம் இலைத் துளைகளை மூடிக்கொள்கிறது. கரியமில வாயு உள்ளே போகாததால் உணவு தயாரிக்க முடியாமல் பட்டினியால் சாகிறது என்பது ஒரு கருத்து. ஆனால் மரங்களில் சர்க்கரைச் சேமிப்பு குறையவில்லை. தண்ணீர்க் குழாய்கள்தான் பழுதாகியிருந்தன. நம் வீட்டு மோட்டாரில் காற்று பிடித்துக்கொண்டால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறதா? அதே கதைதான். இந்த முடிவு 2015-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

2025-ல் வந்த அறிக்கையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. முதல் 15 வருஷங்களில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்த காடு, பிறகு நிலைபெற்று விட்டது. மரங்கள் குறைந்ததால் மிஞ்சியவற்றுக்குத் தண்ணீர் போதுமானதாயிற்று. ஆனால் மடிந்த பெரிய மரங்களில் இருந்த கார்பன் அவ்வளவு எளிதில் திரும்பி வராது.

இதில் நமக்கு என்ன பாடம்? ஒரு பெரிய மரத்தை வெட்டிவிட்டுப் பத்துக் கன்று நட்டால் கோப்பில் கணக்கு நேராகிவிடும், காற்றில் ஆகாது. அமாசோமவாரத்தன்று நாம் 108 பிரதட்சிணம் செய்வது வளர்ந்த அரச மரத்தைத்தானே, கன்றை அல்லவே!

கஷியுவானாவில் ஆராய்ச்சிக்காகப் பந்தல் போட்டார்கள். நாமோ அழகுக்காக மரத்தடி வரை சிமெண்ட் பூசுகிறோம். இரண்டிலும் மழை வேருக்குப் போவதில்லை. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. அங்கத்தினர்கள் அவரவர் காலனியில் எத்தனை மரங்களுக்கு அந்த ஒரு மீட்டர் மண் இருக்கிறது என்று இந்த மழைக்காலத்துக்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். இல்லாத இடத்தில் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு மனு எழுதுவோம். எழுதித் தர நான் தயார்.