தோற்றவர் பெயரையும் வாசியுங்கள்

கனிம வேதியியலுக்கு விருது கொடுக்கும் மேடையில் ஏறிவிட்டு ஆல்ஃபிரட் வெர்னரைச் சொல்லாமல் இறங்க முடியுமா? 1893-இல், 26 வயதில், அணைவுச் சேர்மங்களின் கட்டமைப்பைச் சொன்னவர். 1913-இல் நோபல் பரிசு பெற்றவர். கைதட்டுங்கள், தகும்! ஆனால் அவர் வாதாடக் கையில் எடுத்த சான்றுகளில் பெரும்பகுதி யாருடைய உழைப்பு? கோபன்ஹேகனில் ஆண்டுக்கணக்காகக் கோபால்ட் உப்புகளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த இன்னொருவருடையது. மூன்று குளோரின் கொண்ட கோபால்ட் உப்பில் அம்மோனியா ஆறு இருந்தால் சில்வர் நைட்ரேட்டில் மூன்று குளோரினும் வீழ்படியும்; ஐந்தென்றால் இரண்டு; நான்கென்றால் ஒன்றே ஒன்று. அம்மோனியா சங்கிலியாய்க் கோத்திருக்கிறது என்றார் அந்த மனிதர். இல்லை, உலோகத்தைச் சுற்றி ஆறு இடங்கள், எண்முகியின் ஆறு முனைகள் என்றார் வெர்னர். அப்படியென்றால் நான்கு அம்மோனியா உப்புக்கு இரண்டு வடிவம் வேண்டுமே! பச்சை இருக்கிறது, மற்றது எங்கே? 14 ஆண்டுகள் நின்ற கேள்வி அது. 1907-இல் ஊதா உப்பை வெர்னர் எடுத்துக் காட்டினார். எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கனிம வேதியியலை இரண்டாம் பந்தியில் உட்கார வைப்பவர்கள் அன்றும் இருந்தார்கள். 1911-இல் ஒளியைச் சுழற்றும் கோபால்ட் சேர்மத்தை வெர்னர் பிரித்தபோது, அதிலுள்ள கார்பன்தான் காரணம் என்றார்கள். 1914-இல் துளிக் கார்பனும் இல்லாத சேர்மத்தில் அதே பண்பைக் காட்டினார். அதன்பின் என்ன பேச முடியும் அவர்களால்?

சரி, அந்தக் கோபன்ஹேகன்காரருக்கு வருகிறேன். அவரை விட மனம் வரவில்லை. தவறான கொள்கை சொன்னவருக்கு மரியாதை எதற்கு என்று கேட்பீர்கள். கொள்கைதான் தவறு, குடுவையில் இருந்த உப்பு தவறல்ல. அது கலப்படமாக இருந்திருந்தால் மூன்று, இரண்டு, ஒன்று என்ற கணக்கே வந்திராது; வெர்னரும் அதன்மேல் எதையும் கட்டியிருக்க முடியாது. ‘மற்றது எங்கே’ என்று கோபன்ஹேகன்காரர் விடாமல் கேட்டதால்தான் அந்த ஊதா உப்புக்கு அத்தனை மதிப்பு. எல்லோருக்கும் பரிசைப் பங்கிட முடியாது என்பீர்கள். உண்மைதான். பணமும் பதக்கமும் வென்றவருக்கே போகட்டும். ஆனால் பாராட்டுரையில் இரண்டு வரி சேர்க்கச் செலவில்லையே! அவர் பெயர் சோபஸ் மாட்ஸ் யோர்கென்சன்; 1914-இல் மறைந்தார். விருதுக்குழுவினரே, அடுத்த ஆண்டு முதல் இந்த மேடையில், எவருடைய சேர்மங்களின்மேல் அந்த ஆய்வு எழுந்ததோ அவருடைய பெயரையும் உரக்க வாசியுங்கள்.